ஹைவே ஓரம் சுவர் வேண்டுமா? மலேசியாவின் சிலிம் ரிவரில் ஒரு தாமான் (குடியிருப்பு) குழுவில் நடந்த பேச்சு

[இரவு 8.12] கடைசி வரிசை அக்கா: வணக்கம். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒலித்தடுப்புச் சுவர் பற்றிப் பேச வருகிறார்கள். ஆளுக்கொரு பேச்சுப் பேசினால் எதுவும் நடக்காது, அதனால்தான் இப்போதே கேட்கிறேன். சுவர் வேண்டுமா, வேண்டாமா?

[8.15] ரொட்டிக்கடை அண்ணன்: எனக்கு வேண்டாம் அக்கா. சாயங்காலம் அந்தப் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. கான்கிரீட்டை எழுப்பிவிட்டால் வெக்கை தாங்காது.

[8.21] கடைசி வரிசை அக்கா: அண்ணா, உங்கள் வீடு மூன்றாவது வரிசை. என் மாமியார் படுத்த படுக்கை. அவர் கட்டிலுக்கும் ஹைவே வேலிக்கும் நடுவில் ஒரு கால்வாயும் கொஞ்சம் புல்லும்தான். விடியற்காலையில் லோரிகள் சரிவில் எஞ்சின் பிரேக் பிடித்தால் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. அவர் திடுக்கிட்டுக் கையை நீட்டி என்னைத் தேடுகிறார். காற்று எனக்கும் வேண்டும், ஆனால் அந்த ஜன்னலைத் திறந்தே பல மாதமாகிறது.

[8.24] ரொட்டிக்கடை அண்ணன்: இவ்வளவு சிரமம் என்று தெரியாது அக்கா.

[8.26] டீச்சர்: மறுநடவுக்குத் தோட்டத்துச் செம்பனையை வெட்டிய பிறகுதான் இப்படி. இந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்தபோது நாமெல்லாம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தோம். இடையில் தோட்டம் இருந்ததால் இரைச்சல் பெரிதாகத் தெரியவில்லை.

[8.28] லோரி மாமா: அப்படியென்றால் மரமே வைக்கச் சொல்லலாமே. மூங்கில் மளமளவென்று வளரும்.

[8.35] இன்ஜினியர் தம்பி: மாமா, ஒரு வரிசை மூங்கில் சாலையைக் கண்ணுக்கு மறைக்கும், சத்தத்தை மறைக்காது. மரங்களால் சத்தம் குறைய வேண்டுமானால் பல பத்து மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். தோட்டம் அப்படி இருந்தது, இப்போது அதற்கு இடமில்லை. சுவர் என்றால், சாலையை மறைக்கிற உயரம் வந்ததும் சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நன்றாகக் கட்டினால் 10 வரை போகலாம். 10 குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். முழு அமைதி வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

[8.37] லோரி மாமா: உயரத்தை முதலில் கேளுங்கள். லோரியில் உட்கார்ந்தால் அக்கா வீட்டு ஜன்னல் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மீட்டர் சுவர் கட்டினாலும் தெரியும்.

[8.39] இன்ஜினியர் தம்பி: சரியாகச் சொன்னீர்கள் மாமா. நீளமும் முக்கியம். கடைசி வீட்டோடு நிறுத்தினால் சத்தம் சுவரின் முனையைச் சுற்றி உள்ளே வந்துவிடும். கால்வாய்க்கென்று இடைவெளி விட்டாலும் அதே கதைதான்.

[8.44] கோயில் செயலாளர்: தம்பி, கோயிலும் மேட்டு வீடுகளும்? பூசை நேரத்தில் ஐயர் சொல்லும் மந்திரமே காதில் விழுவதில்லை.

[8.47] இன்ஜினியர் தம்பி: மேட்டிலிருந்து பார்த்தால் சாலை தெரிகிறதே ஐயா. தெரிகிற வரைக்கும் சுவரால் அங்கே பலன் இல்லை.

[8.48] கோயில் செயலாளர்: அப்புறம் மேட்டு ஜனங்கள் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

[8.55] டீச்சர்: கேட்கவேண்டிய கேள்விதான் ஐயா. கீழே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்டுவிட்டு மேட்டை மறந்தால் அது நியாயமில்லை. தம்பி, வேறு வழி உண்டா?

[9.02] இன்ஜினியர் தம்பி: உண்டு டீச்சர். வண்டி வேகமாகப் போகும்போது எஞ்சினைவிட டயர் சத்தம்தான் பெரிது. அதைக் குறைக்கும் தார் வகைகள் இருக்கின்றன. அந்தச் சாலைப் பரப்பைப் போட்டால் மேடு, பள்ளம் எல்லாவற்றுக்கும் கொஞ்சமாவது குறையும்.

[9.04] லோரி மாமா: பாலத்து இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயர் ஏறி இறங்கும் அந்த டப் டப் சத்தம் வண்டிக்குள் இருக்கும் எனக்கே எரிச்சல்.

[9.10] டீச்சர்: மனுவை இன்றே எழுதத் தொடங்குகிறேன். முதலில் முறையான கருவியால் அளக்கச் சொல்வோம். சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டியில் இரவு என்பது 10 மணி முதல் காலை 7 மணி வரை. பகலில் வந்து அளந்துவிட்டுப் போனால் ஒத்துக்கொள்ளக் கூடாது. மறுநடவுக் கன்றுகள் வளரும் வரை காத்திருங்கள் என்றாலும் கேட்காதீர்கள். அக்காவின் மாமியாருக்கு அவ்வளவு காலம் இல்லை.

[9.13] ரொட்டிக்கடை அண்ணன்: என் பெயரையும் போடுங்கள் டீச்சர். காற்று விஷயத்தையும் ஒரு வரி எழுதுங்கள், அவர்கள் பதில் சொல்லட்டும்.

[9.14] கடைசி வரிசை அக்கா: ரொம்ப நன்றி அண்ணா.

[9.20] கோயில் செயலாளர்: சாலைப் பரப்பைச் சுவருக்கு முன்னால் எழுதுங்கள். அப்படி எழுதினால் மேட்டில் வீடு வீடாகப் போய் நானே கையெழுத்து வாங்கி வருகிறேன்.