ராப்டோமயோசர்கோமாவுக்குப் புது மருந்து ஏதாவது வந்திருக்கா? (அக்கா பொண்ணு, 11 வயசு)

தாய்மாமன்:
அக்கா பொண்ணுக்குக் கெண்டைக்கால்ல ஒரு கட்டி. ஓடினதுல சதை பிசகியிருக்கும்னு மூணு வாரம் சும்மா இருந்துட்டோம். பயாப்ஸில அல்வியோலர் ராப்டோமயோசர்கோமா, அதாவது சதையில வர்ற புற்றுநோயில ஒரு ரகம்னு வந்திருக்கு. அடியில "பாக்ஸ்3-ஃபாக்ஸ்ஓ1 பாசிட்டிவ்"னு ஒரு வரி. பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு எல்லாம் சுத்தம். வர்ற திங்கள்லேர்ந்து கீமோ. வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு. தேடிப் பாத்தா மூணுமே நான் பொறக்கறதுக்கு முந்தின மருந்து! நோய் எதிர்ப்பு செல்லையே மாத்திப் புற்றுநோயை அடிக்க வைக்கிற கார்-டி செல், கட்டியோட பழுதை மட்டும் குறிவைக்கிற டார்கெட்டட் தெரபின்னு தினம் ஒண்ணு படிக்கிறோமே, இவளுக்கு ஏன் இந்தப் பழசு? அக்கா எதையும் கேக்கற நிலையில இல்ல, அதான் நான் கேக்கறேன்.

காதுக்காரன் அம்மா:
தம்பி, அந்த அடி வரிதான் ரிப்போர்ட்லயே முக்கியம். 2ஆவது குரோமோசோம்ல ஒரு துண்டும் 13ஆவதுல ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கிட்டா வர்றது அது. முன்னெல்லாம் மைக்ராஸ்கோப்ல செல்லோட உருவத்தைப் பாத்து ரகம் பிரிப்பாங்க, இப்போ இந்த ஒட்டு இருக்கா இல்லையாங்கறதை வெச்சுத்தான் சிகிச்சையோட வீரியத்தை முடிவு பண்றாங்க.

என் பையனுக்கு நடுக்காதுல வந்துச்சு, அப்போ ஆறு வயசு. சீழ்னு சொட்டு மருந்து ஊத்தியே ரெண்டு மாசம் போச்சு. ஒருநாள் குளிப்பாட்டும்போது காதுக்குள்ளேர்ந்து சிவப்பா ஒரு சதைத் துணுக்கு எட்டிப் பாக்குது, தொட்டதும் ரத்தம். சரி, அந்தக் கதை வேண்டாம்.

கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு ஸ்கேன் சுத்தம்னு வந்த அன்னிக்கு டாக்டர் "இன்னும் ஆறு மாசம்"னார். எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! அப்புறம்தான் பொறுமையா விளக்கினார். ஐரோப்பாவில 371 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. எல்லாருமே பரவாத, ஆனா ஆபத்து கூடின வகை, வழக்கமான சிகிச்சையில கட்டி மறைஞ்சவங்க. ஒரு குழுவுக்கு அதோட நிறுத்தம். இன்னொண்ணுக்கு ஆறு மாசம் வினோரெல்பின் ஊசியும், தினம் கொஞ்சமா சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையும். அஞ்சு வருஷத்துல உயிரோட இருந்தவங்க முதல் குழுவில 73.7 சதவீதம், ரெண்டாவதுல 86.5. 2019ல வெளியாச்சு. ரெண்டுமே பழைய மருந்துதான் தம்பி. அதனால கார்-டிய விட்டுட்டு, "முடிஞ்சப்புறம் மெயின்டெனன்ஸ் உண்டா"ன்னு கேளுங்க. இந்த ஆறு மாசத் தொடர் சிகிச்சைக்கு அதுதான் பேரு.

ஒண்ணு சொல்லிடறேன், அந்த மாத்திரையை உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. சின்ன உடம்புக்கு அளவு சரியா வரலன்னா எந்தெந்த நாள் குடுக்கறதுன்னு அவங்களே மாத்திப் போட்டுத் தருவாங்க. நான் கையுறை போட்டுத்தான் எடுப்பேன். காலையிலயே குடுத்துட்டு நாள் பூரா தண்ணி குடிக்க வைக்கணும், மூத்திரப்பையில தங்கினா ரத்தம் வரும். தண்ணி குடிக்க வைக்கறதுதான் பெரிய பாடு. ஊசி போடறதே தேவலைன்னு இருக்கும்.

வழிப்போக்கன்:
என் தங்கச்சி குழந்தைக்கும் இதே மாதிரி சதைக் கட்டி, கைக்குழந்தை. லாரோட்ரெக்டினிப்னு ஒரு சிரப். ரெண்டு மாசத்துல பாதிக்கு மேல கரைஞ்சிடுச்சு. கீமோவே வேண்டாம், அதைக் கேளுங்க.

மருந்து மேசை:
வழிப்போக்கன், உங்கள் வீட்டில் நல்லது நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அது வேறு நோயாக இருக்கும், பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு வரும் இன்ஃபன்டைல் ஃபைப்ரோசர்கோமா என்ற வேறு கட்டி. அதில் என்டிஆர்கே என்ற ஜீன் வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொண்டு ஓயாமல் வேலை செய்யும், அந்த மருந்து அதைத்தான் அடைக்கிறது. அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. இந்தப் பெண்ணின் ஒட்டு அப்படிப்பட்டதல்ல. பாக்ஸ்3-ஃபாக்ஸ்ஓ1 டிஎன்ஏவில் உட்கார்ந்து மற்ற ஜீன்களை முடுக்கிவிடும் புரதம். மருந்து போய்ப் பிடித்துக்கொள்ள வாகான குழி அதில் இல்லை. நேரடியாக அதை அடக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை.

புதுசு என்றாலே மேல் என்றும் இல்லை. டெம்சிரோலிமஸ் என்ற டார்கெட்டட் மருந்து நல்ல உதாரணம். நோய் திரும்பியவர்களிடம் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது பெவாசிஸுமாப் என்ற இன்னொரு டார்கெட்டட் மருந்தை விட நன்றாக வேலை செய்தது. அந்த நம்பிக்கையில் புதிதாக நோய் வந்த நடுத்தர ஆபத்துக் குழந்தைகளுக்கு முதலிலிருந்தே சேர்த்துப் பார்த்தார்கள். பலன் கூடவில்லை. கார்-டி செல்லில், புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் ஹெர்2, பி7-ஹெச்3 ஆகிய புரதங்களைக் குறிவைத்து ஆரம்பக் கட்டச் சோதனைகள் நடக்கின்றன. அவை பெரும்பாலும் நோய் திரும்பியவர்களுக்கு. அந்தக் கதவு தேவைப்படாமலே போகட்டும்.

தாய்மாமன், திங்களுக்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று. சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையைப் பாதிக்கும். பூப்படையாத பெண்ணுக்கும் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்க முடியும். கீமோ தொடங்கிய பின் யோசித்தால் பலன் குறைவு. நாளைக்கே கேளுங்கள்.

தாய்மாமன்:
காலையில போய்க் கேட்டேன். மெயின்டெனன்ஸ் அவங்க திட்டத்திலேயே இருக்காம், கடைசிப் பக்கத்துல. நான் முதல் பக்கத்தோட கோபப்பட்டிருக்கேன். சினைப்பை விஷயத்தை யாரும் எடுக்கல. நான் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு யாருக்கோ போன் போட்டார். லேப்ராஸ்கோபிக்கு சனிக்கிழமை தேதி, கீமோ வியாழனுக்குத் தள்ளிப்போச்சு. அக்கா முதல் தடவையா ஒரு கேள்வி கேட்டா: "தழும்பு தெரியுமா?"

காதுக்காரன் அம்மா, பொண்ணு உங்க கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. முடி கொட்டும்னு தெரியுமாம். புருவமும் போயிடுமா?

காதுக்காரன் அம்மா:
என் பையனுக்குப் போச்சு கண்ணு. ஆனா தலைக்கு ரொம்ப நாள் அப்புறம்தான் போச்சு, முளைச்சது முதல்ல அதுதான். எல்லாருக்கும் போகும்னும் இல்ல.