பேபிளேட் பெயர்களும் நம் வீட்டுச் சாமிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டன் கடைக்காரர்:
டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே தோட்டத்துப் பிள்ளைகள் "மொதலாளி, பேபிளேட் வந்திருச்சா?" என்று வாசலில் நிற்பார்கள். ஒன்றோடொன்று மோதவிடுகிற பம்பரம்தான் பேபிளேட். அதில் பர்ஸ்ட் என்கிற வரிசையில் அவர்கள் வால்கிரி கேட்பார்கள், ரக்னரூக் கேட்பார்கள். போர்க்களத்தில் விழுந்தவர்களில் யாரை வடஐரோப்பியப் புராணத் தலைமைக் கடவுள் ஓடினின் மண்டபத்துக்கு அழைத்துப் போவது என்று பொறுக்கியெடுக்கும் பெண்கள்தான் வால்கிரிகள். மற்றது தேவர்களே மடியும் ஊழிக்காலம். பொடியன்களுக்கு அதெல்லாம் வேண்டாம், கடைசிவரை நின்று சுற்றுவது எது என்று சொன்னால் போதும்.

ஒரு தீபாவளிக்கு ஒரு தாத்தா பேரனோடு வந்தார். காமன் கூத்தில் வீரபத்திரன் கட்டியவர், மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். பேரன் எடுத்தது 'பூஷின் அஷுரா'. பெயரை வாசித்துக் காட்டியதுதான் தாமதம். "அசுரனா? நரகாசுரன் செத்த நாளுக்கு அசுரனையே காசு குடுத்து வாங்கிட்டுப் போறதா?"

நம்ம அசுரன்தான் தாத்தா, பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய் அங்கே தர்மத்துக்குக் காவல் நிற்கிறான் என்றேன். நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலில் 734ஆம் ஆண்டுச் சிலை இருக்கிறது, மூன்று முகம், ஆறு கை. போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "சண்டைக்காரன் மூஞ்சியா இது? பச்சப்புள்ள மாதிரில்ல இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "சரி விடு, சூரபத்மனே கடைசியில முருகன் கொடியில சேவலா நிக்கலையா." வாங்கிக்கொண்டார், ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி.

அதோடு போகவில்லை. தட்டில் 'மாக்சிமம் கருடா' இருந்ததைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பந்தயத்தில் தோற்ற வினதை கத்ருவுக்கு அடிமையானது, தாயை மீட்க மகன் தேவலோகம் போய் அமுதம் கொண்டுவந்தது என்று முழுக்கதையும் நடந்தது, பாட்டு உட்பட. வியாபாரம் அரைமணி நேரம் படுத்தது. ஆனால் தட்டில் இருந்த கருடன் அன்றைக்கே போய்விட்டது.

ஒரு வேடிக்கை: மேல்நாடுகளில் பேபிளேட் விற்கிற ஹாஸ்புரோ கம்பெனி அஷுராவுக்கு வைத்த பெயர் 'அஷிந்த்ரா'. அசுரனை எடுத்துவிட்டு இந்திரன் சாயலில் ஒன்று! தாத்தாவிடம் இதை நான் சொல்லவில்லை.

பதுளை டீச்சர்:
2008இல் தொடங்கிய மெட்டல் வரிசைப் பெயர்கள் பெரும்பாலும் நட்சத்திரக் கூட்டங்களிலிருந்து வந்தவை. பெகாசஸ் கிரேக்கரின் பறக்கும் குதிரை. லியோனே சிம்மம், லிப்ரா துலாம், சாஜிட்டாரியோ தனுசு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மகன் ராசிக்குப் பொருத்தம் பார்த்துத்தான் வாங்கினார், பையன் கேட்டது வேறு.

என் கணக்கில் பெயர் பொருத்தத்துக்கு முதலிடம் பர்ஸ்டில் வந்த 'டிரெய்ன் ஃபாஃப்னிர்'. தங்கத்தின் மேல் ஆசைப்பட்டுத் தகப்பனையே கொன்று, டிராகனாக மாறிப் புதையலைக் காத்துக் கிடந்தவன் ஃபாஃப்னிர். இந்தப் பம்பரமும் அடுத்தவன் சொத்தில்தான் வாழும். பெரும்பாலானவை வலப்பக்கம் சுற்ற, இது இடப்பக்கம் சுற்றும். எதிரெதிராகச் சுற்றுகிறவை உரசும்போது தொடுகிற விளிம்புகள் இரண்டும் ஒரே திசையில் ஓடுகின்றன, பல்சக்கரங்கள் மாதிரி. அதனால் வேகமாகச் சுற்றுவதன் வேகம் மெதுவாகச் சுற்றுவதற்குப் போகிறது. வகுப்பில் உராய்வு நடத்தும்போது இரண்டு பம்பரங்களை மேசையில் விட்டுக் காட்டினேன். கடைசி வாங்குப் பையன்கள் எழுந்து வந்து பார்த்த ஒரே பாடம் அது.

நானுஓயா:
எங்கள் வீட்டில் சிக்கல் 'லாங்கினஸ்'. இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்திய படைவீரனுக்குக் கிறிஸ்தவ மரபு பின்னாளில் கொடுத்த பெயர் அது. அம்மாவுக்குத் தெரிந்ததும் பம்பரம் அலுமாரிக்குப் போய்விட்டது. அந்தப் படைவீரன் மனம் மாறிப் புனிதராகிவிட்டார் என்று மாமா வாதாடியும் பலிக்கவில்லை. பிறகு 'லூயினோர்' என்று ஹாஸ்புரோ பெயர் போட்ட பெட்டியில் அதே பம்பரத்தை வாங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஹட்டன் கடைக்காரர்:
டீச்சர், ஃபாஃப்னிர் இப்போது கைவசம் இல்லை. கொழும்பிலிருந்து வந்த கடைசிப் பெட்டியில் வெளியே கருடன் படம், உள்ளே கெர்பியஸ். பாதாள வாசலைக் காக்கிற மூன்று தலை நாயைக் கருடன் என்று அந்தத் தாத்தாவிடம் எப்படி விற்பது?