புதுப்பிப்பு: நாக்சோஸ் போய் வந்தோம்

இரண்டு சின்னப் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக, கிரேக்கத் தீவுகளில் சாண்டோரினியா, நாக்சோஸா என்று மே மாதம் கேட்டிருந்தேன். நாக்சோஸ் என்று சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஊரை ஒட்டிய அயியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் ஆழம் குறைவு; சின்னவள் தண்ணீரை விட்டு வரவே மாட்டேன் என்றாள். போர்த்தாராவை மாலையில் போய்ப் பாருங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட கோயிலின் பளிங்கு நிலைவாசல் அது. சூரியன் கடலில் இறங்கும்வரை அம்மா பக்கத்துப் பாறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அரைமணி நேரத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

அப்புறம், ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று பலமாக அடிக்கும். எங்கள் கப்பல் ஐந்து மணி நேரம் தாமதம். விமானத்துக்கு ஒரு நாள் முன்பே ஏதென்ஸ் திரும்பிவிடுங்கள்.