பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுவது ரசனையா, வசதியா?

குன்னூர் கம்பளி:
போன வாரம் இங்கே ஒருவர், "சிக்கனத்தை அனுபவிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லாம் வசதியானவர்கள், இல்லாதவனுக்கு அது தண்டனை" என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பனியில் மாமனாரின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்தேன். முழங்கை இரண்டும் போய்விட்டது, உடம்புப் பகுதி நன்றாக இருந்தது. கையால் பின்னியது என்பதால்தான் பிரிக்க முடிந்தது. கடையில் வாங்குகிற பலவற்றில் துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். அதைப் பிரித்தால் சாண் சாணாக அறுந்த நூல்தான் வரும். கையால் பின்னியதில் கடைசி முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்த்துவிட்டால் போதும், வரிவரியாகச் சரசரவென்று கழன்று வரும். நூல் சுருண்டு சுருண்டுதான் இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு சின்னக் கனத்தைத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் சுருள் போய்விடும். இரண்டு ஜோடி காலுறையும் பேத்திக்கு ஒரு குல்லாவும் ஆயிற்று. பின்னி முடிக்கிறவரை ஒவ்வொரு மாலையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது தண்டனையா?

ஊட்டி மார்க்கெட்:
மேடம், உங்கள் கைவேலைக்கு மரியாதை உண்டு. ஆனால் இத்தனை மாலை செலவழித்து இரண்டு ஜோடி காலுறை. அதைக் கடையில் வாங்கினால் என்ன விலை ஆகிவிடும்? ஊட்டியில் கம்பளி விற்றுப் பிழைக்கிற சின்னக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு சீசன் போனால் வியாபாரம் பாதிகூட இருக்காது. எல்லாரும் பிரித்துப் பின்னினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

லைன் வீட்டுப் பையன்:
அக்கா, அதை எழுதியது நான்தான். கோபத்தில் எழுதவில்லை.

என் தாத்தா, இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர். நான் கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தேன். அங்கே ஜூன், ஜூலையில் மழை விடாது. அம்மா உரச்சாக்கைப் பிரித்து, கழுவி, ஓரம் தைத்து, தலைக்கும் முதுகுக்கும் போட்டுக்கொண்டுதான் கொழுந்து பறிக்கப் போவார். இன்னொரு சாக்கு இடுப்பில். நீங்கள் சொல்கிற மறுபயன்பாடு இதுதானே? எத்தனை முறை கழுவினாலும் அந்த உர நாற்றம் போகாது. அம்மாவின் கழுத்து அரித்துச் சிவந்து கிடக்கும். அண்ணன் சட்டை எனக்கு, எனக்கு அப்புறம் தம்பிக்கு. ஒரு நாள்கூட அதை யாரும் ரசித்ததாக ஞாபகம் இல்லை.

நீங்கள் நினைத்தால் நாளைக்கே புதுக் காலுறை வாங்கலாம். அந்த வழி இருப்பதால்தான் பின்னுவது சுகமாக இருக்கிறது. அந்த வழி இல்லாதவர்களிடம் போய் "சிக்கனம் இனிமையானது" என்று சொல்லாதீர்கள். இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கோத்தகிரி டீச்சர்:
தம்பி சொல்வது நியாயம். ஆனால் நீலகிரியில் மறுபயன்பாடு என்பது வீட்டுச் செலவோடு முடிகிற விஷயம் இல்லையே. 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிற முறை முதலில் நம் மாவட்டத்தில்தான் வந்தது. நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. காட்டில் உடைத்துப் போட்ட பாட்டில் யானையின் பாதத்தில் குத்தினால் அது சீழ் பிடித்தே செத்துப்போகலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2019 ஆகஸ்ட் 15 முதல் தடை. அப்போது புலம்பிய டிரைவர்களே இன்று எவர்சில்வர் பாட்டிலோடுதான் வண்டியில் ஏறுகிறார்கள். இதில் ஏழை பணக்காரன் என்று எதுவும் இல்லை, எல்லாருக்கும் ஒரே விதி.

லைன் வீட்டுப் பையன்:
டீச்சர், அந்தப் பத்து ரூபாயை நானும் ஆதரிக்கிறேன். அது ஊருக்கான விதி, காசும் கைக்குத் திரும்புகிறது. நான் பேசுவது வேறு. பழையதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி. எஸ்டேட் பங்களாவிலிருந்து வருகிற கிழிந்த ஸ்வெட்டர்களை வாங்கிக்கொண்டு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாயே கிடையாது. கம்பளி அக்கா, நீங்கள் பின்னியதில் மிச்சமானது யாருக்குப் போகிறது?

குன்னூர் கம்பளி:
பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது.

மார்க்கெட்காரருக்கு: கடைக்காரர் பிழைப்பு எனக்கும் கவலைதான். நூலும் ஊசியும் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் அக்ரிலிக்கைக் கம்பளி என்று விற்கும்போது மனசு வலிக்கிறது. ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். நல்ல கம்பளி கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது, அதனால்தான் பழையதை விட மாட்டேன் என்கிறேன்.

தம்பிக்கு: மிச்சம் எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்குப் போகிறது. நாலு வருடமாக அவள் பையனுக்கு நான் பின்னியதைத்தான் கொடுக்கிறேன். அவளைக் கேட்டதே இல்லை. நேற்று உட்காரவைத்து, "உண்மையைச் சொல்லு, அவன் போடுகிறானா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் தயங்கினாள். பிறகு, "கழுத்தில் அரிக்குதும்மா, ஸ்கூலுக்கு வேண்டாங்கிறான்" என்றாள். அவன் கேட்பது ரெயின்கோட்டாம். தையல் வழியாகத் தண்ணீர் இறங்காத மாதிரி, தொப்பி வைத்தது, நீலக் கலர்.

உங்கள் அம்மாவின் கழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

பின்னுவதை நான் விடப்போவதில்லை, அதில் எனக்குக் கிடைப்பது பொய் இல்லை. ஆனால் இனிமேல் அது என் வீட்டுக் கால்களுக்கு மட்டும். கோட்டு புதிதாக வாங்கப் போகிறேன். பையனுக்குப் பத்து வயது, கொஞ்சம் உயரம். ஓரளவு பெரிய சைஸாக வாங்குவதா, அளவாக வாங்குவதா? என் புத்தி, இரண்டு வருடம் வரட்டும் என்று பெரிதாக வாங்கத்தான் சொல்கிறது.

லைன் வீட்டுப் பையன்:
அளவாக வாங்குங்கள் அக்கா. பையனையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.