20,000 ரூபாய்க்கு புது லேப்டாப்பா, பழைய டெஸ்க்டாப்பா?

தண்டையார்பேட்டை அப்பா:
பொண்ணு பி.காம் சேர்ந்திருக்கா. டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), எக்செல் பழகணும். கையில 20,000 இருக்கு, அதுக்கு மேலன்னா சீட்டு எடுக்கணும். நேத்து மெட்ரோல அரசினர் தோட்டம் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒரு ரவுண்டு வந்தேன். ஒரு கடையில புது லேப்டாப் 19,500: செலிரான் ப்ராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல் சேமிக்கற இடமாம்). இன்னொரு கடையில ஆபீஸ்ல ஓடின டெஸ்க்டாப், இன்டெல் ஐ5 ப்ராசசர், ஆறாவது ஜென் (தலைமுறை), 8 ஜிபி ராம், மானிட்டரோட 13,000. "விண்டோஸ் 11 போட்டே தர்றேன், பத்து வருஷத்துக்குக் கவலையில்ல"ன்றார். எனக்குப் பத்து வேணாம், அவ படிப்பு முடியற வரைக்கும் நின்னா போதும். எதை வாங்க?

ஸ்க்ரூட்ரைவர்:
ரெண்டும் வேணாம்ணே. வண்ணாரப்பேட்டையில சர்வீஸ் பண்றேன், அந்தப் புது லேப்டாப் மாதிரி மாசம் நாலாவது வருது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேக்கற குறைந்தபட்சமே 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். வாங்குன அன்னைக்கே பந்தி ஃபுல். அதுல ராமும் இஎம்எம்சியும் பெரும்பாலும் போர்டுலயே ஒட்டியிருக்கும். இடம் பத்தலன்னு எங்கிட்ட கொண்டாந்தா கையை விரிக்கறத தவிர நான் ஒண்ணும் பண்ண முடியாது.

டெஸ்க்டாப்புல வேற சிக்கல். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜென்னாவது வேணும், டிபிஎம் 2.0ன்ற பாதுகாப்பு சிப்பும் வேணும். ஆறாவதுல, 11 போடும்போது அது பண்ற இந்தச் சோதனையை ஏமாத்தி ஏத்தலாம், நானே ஏத்தியிருக்கேன். ஆனா அப்டேட் நாளைக்கும் வரும்னு எவனும் கையெழுத்து போட மாட்டான். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா அந்த டெஸ்க்டாப் ஜம்முனு ஓடும். ஆனா பொண்ணுக்கு டேலி வேணுமே, அது விண்டோஸுக்குன்னு பண்ணது.

கொருக்குப்பேட்டை:
உங்க வீடு கீழ்த்தளமா சார்? 2023 டிசம்பர் மிக்ஜாம்ல எங்க வீட்டு சிபியு மேசைக்குக் கீழயே மூழ்கிப் போச்சு. லேப்டாப்னா பரண்ல தூக்கிப் போட்டிருப்பேன்.

தண்டையார்பேட்டை அப்பா:
கீழ்த்தளம்தான். மழைன்னா முதல்ல ரேஷன் கார்டு, அப்புறம் மிக்ஸி, அதான் வரிசை. பொண்ணும் லேப்டாப்தான் வேணும்னு மூஞ்சிய தூக்கி வச்சிருக்கா.

ஸ்க்ரூட்ரைவர்:
அப்போ பழைய ஆபீஸ் லேப்டாப் பாருங்க. திங்க்பேட் டி480, எட்டாவது ஜென் ஐ5. ரெண்டு ராம் ஸ்லாட், ஃபைல் சேமிக்கற எஸ்எஸ்டியையும் மாத்தலாம், பின்னாடி பேட்டரி கையாலயே கழண்டு வரும். டி480எஸ்னு எஸ் ஒட்டியிருந்தா விட்டுடுங்க: ஒல்லியா அழகா இருக்கும், ஆனா கொஞ்சம் ராம் போர்டோட ஒட்டிட்டாங்க, ஸ்லாட் ஒண்ணுதான். உங்க காசுக்குள்ள பேரம் பேசுங்க. இப்போ 8 ஜிபி போதும், ஒரு ஸ்லாட் காலியா இருக்கான்னு மட்டும் திறந்து பாத்துடுங்க. ராம் விலை எறங்கும்போது இன்னொண்ணு சொருகிக்கலாம்.

டேலிக்குத் தனியா காசு எடுத்து வைக்காதீங்க. படிக்கறவங்களுக்கான எஜுகேஷனல் மோடு சும்மாவே கிடைக்கும், மாசத்துல 1, 2, 31 தேதிக்கு மட்டும்தான் என்ட்ரி போட விடும். பழக அது போதும்.

தண்டையார்பேட்டை அப்பா:
சனிக்கிழமை அவளையும் கூட்டிட்டுப் போறேன். "எஸ் வேணாம்"னு உள்ளங்கையில எழுதிக்கிட்டா.

ஸ்க்ரூட்ரைவர்:
நோட்பேட் திறந்து எல்லா கீயும் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு காட்டற பேட்டரி ரிப்போர்ட் கேளுங்க. முகம் சுளிச்சா அடுத்த கடை.