ஷிப்ட் மாறும் பத்து நிமிடம்: உங்கள் இடத்தில் எது நிற்கிறது, எது தொலைகிறது?

லாக்புக் (பஞ்சாலைப் பராமரிப்பு)

மூன்று ஷிப்ட் ஓடுகிற ஸ்பின்னிங் மில்லில் லாக்புக்கைப் புரட்டினால், பக்கத்துக்குப் பத்து இடத்தில் "ரிங் பிரேம் 14, நூல் அறுதல், சரி செய்யப்பட்டது" என்று இருக்கும் (ரிங் பிரேம் என்பது நூல் நூற்கும் இயந்திரம்). எதைச் சரி செய்தார்கள், எதை நேரமில்லாமல் விட்டார்கள், திரும்ப வந்தால் முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது இருக்காது. அடுத்த ஷிப்ட் ஃபிட்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடுவார்.

எழுதுபவரைக் குறை சொல்லி இது தீராது. நோட்டு சூப்பர்வைசர் மேசையில் கிடக்கிறது, கோளாறோ ஷெட்டின் மறுகோடியில். கை முழுக்க கிரீஸ், வாசலில் மில் பஸ் நிற்கிறது, குறிப்புக்கு இருப்பது ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் "சரி செய்யப்பட்டது" மட்டும்தான் அடங்கும்.

தாக்குப்பிடிக்கிற ஏற்பாடு என்று பார்த்தால், பிரேமிலேயே கிளிப்பில் தொங்கும் கார்பன் இரட்டைத் தாள். மேல்தாள் அலுவலகத்துக்கு, அடித்தாள் பிரேமோடு இருக்கும். நான்கே கேள்வி: என்ன தெரிந்தது, என்ன மாற்றினோம், என்ன பாக்கி, எதைத் தொடக் கூடாது. நூல் அறுதலுக்கு மட்டும் கூடுதலாக மூன்று கட்டம்: ஒரே ஸ்பிண்டிலா (நூல் சுற்றப்படும் சுழல் தண்டு), எதிரெதிராக இரண்டிரண்டா, பிரேம் முழுவதுமா. இந்த ஒரு டிக்கிலேயே பாதி தேடல் குறைந்துவிடும். ஒரே ஸ்பிண்டில் என்றால் டிராவலர் (ரிங்கில் ஓடி நூலை முறுக்கும் சிறு வளையம்), ரிங் தேய்மானம், காட்ஸ் (மேல் உருளையின் ரப்பர் உறை) வெட்டு, லாப்பெட் (நூல் வழிகாட்டி) மையம் விலகியிருப்பது என்று அங்கேயே பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு என்றால் அந்த நான்கையும் ஓட்டுகிற டேப் (பட்டை) தளர்ந்திருக்கும், வேகம் குறைந்து முறுக்கு போதாமல் அறும். பிரேம் முழுக்க என்றால் ஈரப்பதம், ரோவிங் (நூற்பதற்கு முந்தைய பஞ்சுத் திரி), புதிதாக மாற்றிய டிராவலர் நம்பர் என்று பொதுவான காரணங்களைத் தேட வேண்டும்.

லேமினேட் செய்த அட்டையில் மார்க்கரால் எழுதும் முறை நிற்பதில்லை. பஞ்சைத் துடைக்கும்போது எழுத்தும் போய்விடும். மற்ற துறைகளில் எப்படி என்று அறிந்தவர்கள் எழுதுங்கள்.

வார்டு_சிஸ்டர் (நர்சிங் பயிற்றுநர்)

லாக்புக் சார் சொல்லும் "சரி செய்யப்பட்டது" வார்டில் "நோயாளி நலமாக இருக்கிறார்" என்று வரும். இரண்டும் ஒரே நோய்.

இங்கே பரவலாகச் சொல்லிக்கொடுப்பது நான்கு படி: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. எஸ்பார் (SBAR) என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் வழக்கத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. முதல் இரண்டும் எல்லோருக்கும் எளிதில் வந்துவிடும். மூன்றாவதில்தான் வாய் அடைக்கும். "பிபி 96/60, பல்ஸ் 118, கடைசி இரண்டு மணி நேரமும் சிறுநீர் மணிக்கு 20 மில்லி" என்று எண்களை ஒப்பித்துவிட்டு இளைய நர்ஸ் நிறுத்திக்கொள்வார். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும், அறுவை முடிந்து இரண்டாம் நாள், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்ற சந்தேகம் அவருக்கும் இருக்கும். ஆனால் டாக்டரிடம் தன் கருத்தைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று பழக்கியிருக்கிறோம். அதனால் படிவத்திலேயே "எனக்குத் தோன்றுவது:" என்றும் "இப்போது வேண்டியது:" என்றும் வாக்கியத் தொடக்கத்தை அச்சிட்டுக் கொடுங்கள். வாக்கியம் பாதியில் நிற்பதைப் பார்த்தால் முடிக்கத் தோன்றும். அது கேட்கிறது என்பதாலேயே சொல்வதற்கு ஓர் உரிமையும் கிடைக்கிறது.

இன்னொன்று, சார்ஜை (நோயாளிப் பொறுப்பை) நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து கொடுக்காமல் படுக்கையருகே கொடுப்பது. டிரிப் ஓடும் வேகம், கட்டு நனைந்திருக்கிறதா, டிரெயினில் (காயத்துக் கசிவை வெளியேற்றும் குழாயில்) எவ்வளவு என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும். அடுத்த கட்டிலுக்குக் கேட்கக் கூடாத செய்தியை மட்டும் ஸ்டேஷனில் வைத்துக்கொள்ளலாம்.

பெர்மிட்_மேசை (செயல்முறைப் பாதுகாப்பு)

இந்தப் பத்து நிமிடம் எவ்வளவு கனமானது என்பதற்கு பைப்பர் ஆல்ஃபா போதும். வடகடல் எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6, 167 பேர் இறந்தார்கள். கண்டென்சேட் (எரிவாயுவிலிருந்து பிரியும் திரவ எரிபொருள்) பம்ப் ஏ பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். பம்புக்கு ஒரு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), வால்வுக்குத் தனியாக இன்னொன்று. இரவில் பம்ப் பி நின்றதும், கையில் கிடைத்த பம்ப் பெர்மிட்டை மட்டும் பார்த்து ஏ-வை ஓட்ட முனைந்தார்கள். வால்வு இல்லை என்ற செய்தி அந்த ஷிப்ட்டுக்கு வந்து சேரவில்லை. இறுக்கமில்லாத தகட்டின் வழியே கசிந்ததே வெடித்தது என்ற முடிவுக்கு வந்தது கல்லன் பிரபுவின் விசாரணை. 1990 அறிக்கையில் 106 பரிந்துரைகள்.

படிவம் எழுதப்படாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இருந்தது. பம்பை ஓட்டப் போகிறவரின் கண் படும் இடத்தில் இல்லை. ஆகவே லாக்புக் சார், உங்கள் நான்காவது கேள்வி, "எதைத் தொடக் கூடாது", தாளில் மட்டும் இருந்தால் போதாது. சுவிட்ச்சில் பூட்டும் டேக்கும் (எச்சரிக்கை அட்டை) தொங்க வேண்டும், டேக்கில் தொடர்புடைய எல்லா பெர்மிட் எண்ணும் இருக்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் இரண்டு வேலை என்றால் இரண்டு பூட்டு. ஷிப்ட் மாறும்போது போகிறவர் தன் பூட்டை எடுப்பதற்கு முன் வருகிறவர் தன்னுடையதைப் போட்டுவிட வேண்டும்.

காகிதமாதிரி (பயனர் ஆய்வு, வடிவமைப்பு)

மேலே மூன்று பேர் சொன்னதிலும் படிவத்தைவிட, அதை எங்கே, எந்த நொடியில் நிரப்புகிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்புக்கான ஐஎஸ்ஓ 9241-210 தரநிலை கேட்பதும் முதலில் சூழலைப் புரிந்துகொள்ளச் சொல்லித்தான். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் மென்பொருளை வாங்கிவிட்டு, அதற்கப்புறம் பயிற்சி வைக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மூன்று ஷிப்ட் மாற்றங்களையாவது பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் ஒன்று இரவு முடிந்து காலை தொடங்குவதாக இருக்கட்டும். கேள்வி கேட்காதீர்கள். யார் எதைக் கையால் சுட்டிக் காட்டுகிறார், எதற்குக் குரலைத் தாழ்த்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவர் முதல் ஒரு மணி நேரத்தில் மற்றவரிடம் கேட்கிற கேள்விகளை அப்படியே எழுதுங்கள். போனில் கூப்பிட்டுக் கேட்பதையும் சேர்த்து. உங்கள் படிவத்தில் விடுபட்டவை அவைதான். அந்தக் கேள்விகளை வைத்து தாளில் ஒரு மாதிரி தயாரித்து, ஒரே ஒரு பிரிவில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து காலியாகக் கிடக்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். ஓரத்தில் எழுதியிருப்பதற்கு ஒரு கட்டம் கொடுங்கள். செயலி அதற்கப்புறம்.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் மானுடவியலர் ஜூலியன் ஓர் 1980களில் இதைத்தான் செய்தார். இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே போய்ப் பார்த்தபோது, பிழை எண்ணுக்கு ஒரு தீர்வு என்று அடுக்கியிருந்த கையேடு பாதி இடங்களில் உதவவில்லை, சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள்தான் வேலையை ஓட்டின என்று தெரிந்தது. பிற்பாடு 1990களில் பிரான்ஸில் தொடங்கிய யுரேக்கா என்ற ஏற்பாடு அந்தக் குறிப்புகளைச் சேகரித்தது. ஒருவர் எழுதுவார், சக பணியாளர்கள் சரிபார்ப்பார்கள், ஏற்றுக்கொண்டால் எழுதியவர் பெயரோடு வரும். பணப் பரிசைவிட அந்தப் பெயர்தான் அவர்களை எழுத வைத்தது. இது முக்கியம். குறிப்புக்கு இத்தனை ரூபாய் என்று அறிவித்த இடங்களில் எண்ணிக்கை ஏறும், உபயோகம் இறங்கும்.

வாய்ஸ்நோட்

எங்கள் பக்கம் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. தப்பா?

லாக்புக்

தப்பில்லை தம்பி, கிரீஸ் கையோடு செய்யக்கூடியது அதுதான். மூன்று வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது என்பதுதான் சிக்கல். சில ஒழுங்குகள் போதும். வாய்ஸ் நோட்டின் முதல் சொல்லே பிரேம் எண்ணாக இருக்கட்டும், அரை நிமிடத்துக்குள் முடியட்டும். போட்டோவில் எண் பலகையும் சேர்ந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் எல்லா காட்ஸும் ஒரே மாதிரிதான் தெரியும். வணக்கம், பிறந்தநாள் வாழ்த்துக்கு வேறு குழு. வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து பிரேம் வாரியாக ஒரு நோட்டுக்கு மாற்ற வேண்டும், அந்த நேரத்தை அவர் வேலைநேரமாகவே கணக்கு வைக்க வேண்டும். ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் இருக்கும் ஷிப்ட்டுக்கு, தவறான நிலை, சரியான நிலை என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போட்டோ வைத்தால் சொல்லே வேண்டாம்.

காகிதமாதிரி

இப்போது இந்தக் குரல்களையெல்லாம் எழுத்தாக்கி, கேள்வி கேட்டால் ஏஐ பதில் சொல்லும்படி செய்வதுதான் எங்கும் பேச்சு. பயன்படும். ஆனால் எங்கே சறுக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மில் சத்தத்தில் பேசியதில் "பதினாலு", "நாற்பத்து நாலு" குழம்பும், ஆகவே இயந்திர எண்ணைத் தட்டச்சில் அல்லது கியூஆர் ஸ்கேனில் வாங்குங்கள். பழைய டிராவலர் நம்பர் சொல்லும் குறிப்பும் புதியதும் ஒன்றாகக் கிடந்தால் ஏஐ இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லும். எனவே ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி, பொறுப்பாளர், மறுபார்வை நாள் வேண்டும், நாள் கடந்தது பதிலுக்குள் வரக் கூடாது. பதிலோடு மூலக் குறிப்பும் திறக்க வேண்டும்.

பெர்மிட்_மேசை

பூட்டைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லாதபடி அடைத்துவிடுங்கள். "பெர்மிட் மேசையைக் கேட்கவும், எண் இது" என்று காட்டினால் போதும்.

வார்டு_சிஸ்டர்

தவறுகளை எழுத வைப்பது பற்றி ஒரு வார்த்தை. எழுதினால் மெமோ வரும் என்றால் யாரும் எழுத மாட்டார்கள். அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்தும் அறிக்கை முறையில், பத்து நாளுக்குள் எழுதினால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்குப் பெரும்பாலும் தண்டனை விலக்கு உண்டு. விபத்துக்கும் குற்றத்துக்கும் அது கிடையாது. பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்வார்கள். நல்ல குறிப்புக்குப் பெயர் போடுங்கள், தவறு பற்றிய குறிப்பிலிருந்து பெயரை எடுங்கள். இரண்டுக்கும் ஒரே படிவம் வைக்காதீர்கள்.

வாய்ஸ்நோட்

நன்றிங்க. நாளைக் காலை தாள் அடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். லாக்புக் அண்ணா, தாளுக்குப் பேனாவா பென்சிலா?

லாக்புக்

பென்சில். எண்ணெய் பட்ட தாளில் பால்பாயிண்ட் வழுக்கும். நூலில் கட்டித் தொங்கவிடாதே, சுழலும் பாகத்தில் மாட்டிக்கொள்ளும். கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழாயை ஒட்டி அதில் இரண்டு போட்டு வை. கார்பன் அடித்தாளில் எழுத்து விழ அழுத்தி எழுத வேண்டும், அதனால் பின்னால் கெட்டியான அட்டை இருக்கட்டும்.