சிமேக்ஸ் (ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு) மேல் எல்லை 125.17: இந்த ஒருவரை நீக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். வேலூரில் எம்.ஃபார்ம் இரண்டாம் வருஷம், புராஜெக்டுக்காக ஒரு பயோஈக்விவலன்ஸ் (புது மாத்திரை மூல மாத்திரைக்குச் சமமாக உடலில் சேருகிறதா என்ற சோதனை) டேட்டாவை ஆர் சாஃப்ட்வேரில் போட்டுக்கொண்டிருக்கிறேன். டூ-வே கிராஸ்ஓவர் (ஒவ்வொருவருக்கும் இரண்டு மாத்திரையும், இடைவெளி விட்டு இரண்டு பீரியடில்), 24 பேர், இரண்டு பேர் பாதியில் விலகியதால் கொடுக்கும் வரிசை (எந்த மாத்திரை முதலில்) ஒவ்வொன்றுக்கும் 11 பேர் என 22 பேர் மிச்சம்.

லாக் எடுத்து அனோவா போட்டதில் ஏயுசி (ரத்தத்தில் மொத்தமாகச் சேர்ந்த மருந்தின் அளவு) சிக்கலில்லாமல் பாஸுக்கான 80.00-125.00க்குள் வந்துவிட்டது. சிமேக்ஸ்தான் உதைக்கிறது: புது மாத்திரைக்கும் மூல மாத்திரைக்கும் விகிதம் 108.5%, 90% நம்பிக்கை இடைவெளி 94.05 முதல் 125.17 வரை. இன்ட்ரா சப்ஜெக்ட் சிவி (ஒரே ஆளுக்குள் வரும் ஏற்றத்தாழ்வு) 28% என்பதால், 30% தாண்டிய மருந்துகளுக்குத் தருகிற தளர்வையும் கேட்க முடியாது.

அப்புறம் ராத்திரி காட்பாடி ரூமில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒருவருக்கு இரண்டாவது பீரியடில் மாத்திரை கொடுக்கும் முன்பே ரத்தத்தில் 27 நானோகிராம் இருக்கிறது, அவருடைய சிமேக்ஸ் 412, அதாவது 6.6%. 5% தாண்டினால் நீக்க வேண்டும் என்பது விதிதான், ஆனால் எங்கள் புரோட்டோகாலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, நானும் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டேன். இப்போது நீக்கினால் பாஸ் ஆக வைக்கத்தான் நீக்கியது போல ஆகிவிடாதா? நீக்காமல் ஒன்று, நீக்கி ஒன்று என இரண்டையும் ரிப்போர்ட்டில் காட்டினால் சரியா, எதை முதன்மையாக வைப்பது?

என் அப்பா சத்துவாச்சாரி மெடிக்கலில் வாங்குகிற சர்க்கரை மாத்திரையும் இப்படி ஒரு கணக்கைத் தாண்டி வந்ததுதான், அதனால் இதில் தப்பு செய்ய மனசு வரவில்லை. சிஆர்ஓவில் (மருந்துச் சோதனை நடத்தும் கம்பெனி) வேலை பார்க்கிற அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.